கேலிப்பர் அப்படியே இருக்கட்டும், டிஸ்க் பெரிதாகட்டும்

பழைய காரின் பிரேக்கை வலுப்படுத்த நினைப்பவர்களின் கண் முதலில் போவது சிவப்பு பெயின்ட் அடித்த நான்கு பிஸ்டன் கேலிப்பர் மேல்தான். வீலோடு சுழலும் டிஸ்க்கை, பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் இரு பக்கமும் கவ்விப் பிடிப்பது கேலிப்பர்; பேடைத் தள்ளுவது அதற்குள் உள்ள பிஸ்டன். அதை வாங்கும் முன், உங்கள் காரின் குடும்பத்திலேயே வேகமான அண்ணன் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். ஒரே பிளாட்ஃபார்மில் வந்த பெரிய எஞ்சின் மாடலின் பாகங்கள் பல நேரம் போல்ட்டுக்கு போல்ட் சேரும்.

நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபும் முதல் தலைமுறை ஆடி டிடியும் இதற்கு நல்ல உதாரணம். கோல்ஃபின் வலுவான எஞ்சின் வகைகள் பலவற்றில் முன்பக்கம் 288 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமன் உள்ள டிஸ்க். டிடியில் 312 மி.மீ., தடிமன் அதே 25. இரண்டிலும் 54 மி.மீ. பிஸ்டன் உள்ள ஒரே கேலிப்பர், ஒரே பேட். கேலிப்பரைத் தாங்கும் கேரியர் மட்டும் மாறுகிறது. அது கேலிப்பரை 12 மி.மீ. வெளியே தள்ளி வைக்கிறது. ஆக வேண்டியவை இரண்டு கேரியர், இரண்டு டிஸ்க், ஒரு செட் புதுப் பேட். பிரேக் ஆயில் வரும் ஹோஸைக் கழற்ற வேண்டாம், அதனால் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையும் இல்லை. 256 அல்லது 280 மி.மீ. டிஸ்க் உள்ள கோல்ஃபுக்கு இந்த வழி சரிவராது, அவற்றின் கேலிப்பரே வேறு.

இதில் கிடைப்பது என்ன? பேட் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து 12 மி.மீ. தள்ளிப் போவதால், அதே மிதிக்கு சுமார் 10 சதவீதம் கூடுதல் பிரேக்கிங் டார்க், அதாவது வீலின் சுழற்சியைத் தடுக்கும் விசை. அவ்வளவுதான். சடன் பிரேக்கில் கார் நிற்கும் தூரம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். கம்பெனி பிரேக்கே, வீல் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு வீலைப் பிடித்துவிடும். அதன்பிறகு நிறுத்துவது டயரின் பிடிமானம்தான்.

உண்மையான லாபம் சூட்டில் இருக்கிறது. 1,400 கிலோ கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 540 கிலோஜூல் வெப்பமாகிறது. அதில் 70 சதவீதம் முன்பக்கம் போவதாக வைத்துக்கொள்வோம். சின்ன டிஸ்க் ஒன்று 7 கிலோ என்றால், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சூடு கிட்டத்தட்ட 59 டிகிரி ஏறும், பெரிய டிஸ்க் 8.5 கிலோ என்றால் 48 டிகிரி. ஒரு முறைக்கு இது பெரிதாகத் தெரியாது. மலைப்பாதை இறக்கத்தில் பத்து வளைவு தொடர்ந்து மிதித்தால், பேட் வழுக்க ஆரம்பிப்பதற்கும் பிடித்து நிற்பதற்கும் இடையிலான வித்தியாசம் இதுதான்.

கேலிப்பரையும் சேர்த்து மாற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது பிஸ்டன் பரப்பு. 54 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 57 மி.மீ. போட்டால் பரப்பு 11 சதவீதம் கூடும். பிடி கூடும், ஆனால் அதைத் தள்ள அவ்வளவு கூடுதல் பிரேக் ஆயிலும் வேண்டும், அதனால் பெடல் கீழே இறங்கும். அதைச் சரிசெய்ய, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை 22.2 மி.மீ.-இலிருந்து 23.8-க்கு மாற்றினால் பெடல் இறுகும், ஆனால் அதே மிதிக்கு லைன் பிரஷர் 13 சதவீதம் குறையும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிற கணக்கு. நான்கு பிஸ்டன் கேலிப்பரை ஒற்றைப் பிஸ்டனோடு ஒப்பிடும்போது ஒரு பக்கத்து இரண்டு பிஸ்டன்களின் பரப்பை மட்டும் கூட்டுங்கள். நான்கையும் கூட்டித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வீல் அளவை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். 312 மி.மீ. டிஸ்க்குக்குக் குறைந்தது 16 இஞ்ச் வீல் வேண்டும். கேலிப்பருக்கும் ரிம்முக்கும், கேலிப்பருக்கும் அலாயின் ஸ்போக்குக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். டிக்கியில் கிடக்கும் 15 இஞ்ச் ஸ்டெப்னி இனி முன்பக்கம் ஏறாது. பஞ்சர் ஆன இரவில் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

பழைய கேரியர் வாங்கினால் பேட் உட்காரும் தட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா, கைடு பின் (கேலிப்பர் வழுக்கி நகரும் ஊசி) ஏறும் மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கைப் பழசாக வாங்கவே வாங்காதீர்கள்.

வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகம். பழைய டிஸ்க்கை எடுத்ததும், போல்ட் துளைகளைச் சுற்றிப் பொருக்குத் தட்டிய துரு தெரியும். அதைக் கம்பி பிரஷ்ஷால் பளபளப்பாகும் வரை தேய்த்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் 0.05 மி.மீ. துரு மிஞ்சினாலே, டிஸ்க் சுழலும்போது அதன் வெளி விளிம்பில் பக்கவாட்டு ஆட்டம் அதைப்போல் இரு மடங்காகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டியரிங் நடுங்கும். காரணம் இந்தத் துருவாக இருக்க, எல்லோரும் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். இந்த ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் வைத்துப் பாருங்கள். ஆட்டம் அதிகமாக இருந்தால் டிஸ்க்கை அடுத்த துளைக்குத் திருப்பி மறுபடி அளந்தால் பெரும்பாலும் குறையும்.

காரை ஜாக்கில் மட்டும் விடாமல் ஸ்டாண்டு மேல் வையுங்கள். கழற்றிய கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டேங்க் பொங்கும், முன்னதாகக் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். டிஸ்க்கின் பின்னால் உள்ள தகடான டஸ்ட் ஷீல்டு பெரிய டிஸ்க்கில் உரசும். பின்னோக்கி வளைக்கலாம், அல்லது டிடியின் ஷீல்டையே போடலாம். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். கோல்ஃபுக்கு போல்ட் இறுக்கும் டார்க்: கேரியர் போல்ட் 125 நியூட்டன் மீட்டர், கைடு பின் 28, வீல் போல்ட் 120. ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், அது பிஸ்டன் வெளியே வருவதற்காக.

பிரேக் ஆயில் இரண்டு வருடம் பழசானால் இதோடு மாற்றிவிடுங்கள். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155. பெரிய டிஸ்க் போட்டும் கொதித்த ஆயிலால் பெடல் தொய்ந்தால் எல்லாம் வீண்.

பிறகு பேட் படிய வைத்தல். காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை, மிதமான அழுத்தத்தில், எட்டுப் பத்து முறை குறையுங்கள். நடுவில் முழுதாக நிறுத்தாதீர்கள்; சூடான டிஸ்க் மேல் பேடை அழுத்தி வைத்தால் அந்த இடத்தில் பேட் பொருள் ஒட்டி, அங்கிருந்தே நடுக்கம் தொடங்கும். பின் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக, திட்டு இல்லாமல் தெரிந்தால் பேட் சரியாகப் படிந்திருக்கிறது.