மாத்தூரிலிருந்து ஆனைமலைக்கு: சிட்டுவை வண்டியேற்றி அனுப்பிய அனுபவம்

எங்கள் சிட்டு ஒன்பது வயதுப் பெண்குதிரை. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கல்யாண ஊர்வலம், கோயில் புறப்பாடு என்று ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை அவள் கால் படாத தெரு குறைவு. நைனாவுடைய அப்பா ஜட்கா ஓட்டியவர். ஜட்கா போன பிறகும் குதிரை மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

ஆனால் வடசென்னையில் மாத்தூர் பக்கம் நாங்கள் லாயம் போட்டிருந்த இடம் தாழ்வானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது லாயத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் குளம்பு ஊறி, அடியில் இருக்கிற மெத்தென்ற பகுதி அழுகி நாற ஆரம்பித்தது. மருந்து போட்டால் ஆறும், அடுத்த மழைக்கு மறுபடி வரும். கடைசியில் டாக்டர், "இதுக்கு மருந்து இல்லமா, இடத்தைத்தான் மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா மகனுக்கு ஆனைமலையில் தென்னந்தோப்பு இருக்கிறது. மேட்டு நிலம், தண்ணீர் நிற்காது. அங்கே அனுப்புவது என்று முடிவு செய்தோம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

மாதவரத்தில் லாரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் குதிரை ஏற்ற வண்டி தேடும்போதுதான் ஒன்று தெரிந்தது. போன் செய்த இடத்திலெல்லாம் முதல் கேள்வி "எங்கிருந்து எங்கே?", அடுத்த பதில் வாடகை. ஒருவர், "பொள்ளாச்சி சந்தைக்கு மாடு ஏத்துற வண்டி இருக்கு, அதோட சேத்து ஏத்திரலாம், கம்மியா முடியும்" என்றார். இன்னொருவர், ரிட்டர்ன் லோடு கிடைக்கிற அன்றைக்குச் சொல்வதாகச் சொன்னார். குதிரைக்கு என்ன வயது என்றுகூட யாரும் கேட்கவில்லை.

கடைசியாக, குதிரைகளை மட்டுமே ஏற்றி இறக்குகிற பாய் ஒருவரின் நம்பர் கிடைத்தது. லாடம் அடிப்பவர் கொடுத்தார். நல்ல குதிரை வண்டிக்காரரைத் தேடுகிறவர்கள் லாடக்காரரையோ கால்நடை மருத்துவரையோதான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இறங்கி வந்த குதிரை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் அவர்கள்தான். பாய் வாடகையே பேசவில்லை. வயசு என்ன, இதுக்கு முன்னாடி வண்டி ஏறியிருக்கா, சினையா, உதைக்குமா, இருமல் இருக்கா, பூச்சி மருந்து எப்போ குடுத்தீங்க, வாளியில தண்ணி குடிக்குமா தொட்டியிலயா, தனியா நிக்குமா துணை வேணுமா என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம், "நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

வந்தார். சிட்டுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே கால் பக்கம் குனிந்து, பின்னங்காலைத் தூக்கி, குளம்பை முகர்ந்து பார்த்தார். "பொறுமையான பொண்ணு. ஆனா இந்தக் காலை வெச்சிக்கினு அவ்ளோ தூரம் ஆட்டத்துல நிக்க முடியாது. மொதல்ல ஆறட்டும்மா, மாசியில போலாம்" என்றார். தன் கைக்கு வரவேண்டிய வாடகையைத் தானே தள்ளிப்போட்ட மனிதரை அதற்கப்புறம் விட எனக்கு மனமில்லை.

வண்டியை நேரில் பார்க்கக் கூப்பிட்டார். சாதாரண ஈச்சர் வண்டிதான், ஆனால் உள்ளே வேலை செய்திருந்தார்கள். தரையில் தடித்த ரப்பர் விரிப்பு, அதன் மேல் வைக்கோல். பக்கச் சுவர்களுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த தார்ப்பாய். நீளமான சாய்வுப் பலகை, குறுக்கே கட்டைகள் அடித்து, ஏறும்போது வழுக்காமல். 1978-ம் வருட விலங்குகள் போக்குவரத்து விதிகளில் குதிரைக்கென்றே தனிப் பகுதி உண்டு என்பது பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு குதிரைக்கு நடுவே குறைந்தது 8 சென்டிமீட்டர் கனமுள்ள மூங்கில், பின்னால் சாயாமல் இருக்க இரண்டு உறுதியான குறுக்குக் கட்டை, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருக்க முகம் இடப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், ஒரு வண்டியில் நாலு முதல் ஆறு குதிரைக்கு மேல் கூடாது, வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மோட்டார் வாகன விதிகளில் ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம் என்று இருக்கிறது. "அது சட்டத்துக்கு. இவளுக்கு நான் அதைவிட வுடுவேன்" என்றார் பாய்.

எனக்கு அன்றைக்கு ஒரு சந்தேகம். குதிரையை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டேன். தலையை இறுக்கி உயரத்தில் கட்டினால்தானே திமிறாது? நான் பார்த்த வண்டிகளிலெல்லாம் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். பாய் அதைக் கேட்டதும் வண்டி ஓரமாகவே உட்கார்ந்து விளக்கினார். குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டும்தான். மேயும்போது தலை கீழே இருப்பதால் மூச்சுக்குழாயில் சேருகிற சளியும் தூசியும் தானாக வடிந்துவிடும். தலையை மேலேயே கட்டிவிட்டால் வடிய வழியில்லை. வைக்கோல் தூசி, சாணச் சூடு, கிருமி எல்லாம் உள்ளே இறங்கும். பல மணி நேரம் அப்படியே நின்றால் நெஞ்சில் சளி கட்டி, போய் இறங்கின மறுநாளோ மூன்றாம் நாளோ காய்ச்சல் வரும். முற்றினால் நுரையீரல் பழுத்து குதிரையே போய்விடும். "தூரத்துல போற குதிரைக்கு அடிபட்டு சாவறதவிட இதுல சாவறது ஜாஸ்தி. அதனால கயிறு நீளம் முக்கியம். ரொம்ப நீளமா வுட்டா காலு மாட்டிக்கும். அதுக்கு ஓர் அளவு இருக்கு" என்று கையாலேயே அளந்து காட்டினார். நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் தலையைக் கீழே விட்டுத் தும்ம விடவேண்டும், வண்டிக்குள்ளே காற்று குறுக்கே ஓடவேண்டும், கனத்த திரை போட்டு மூடக் கூடாது. இதைத்தான் நான் மறுபடி மறுபடி எல்லோரிடமும் சொல்கிறேன். வண்டி எவ்வளவு பெரியது, எவ்வளவு புதியது என்று பார்ப்பதைவிட, தலை இறங்குமா என்று பாருங்கள்.

காகித வேலை நைனாவும் நானும் பிரித்துக்கொண்டோம். பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழ் கட்டாயம். தடுப்பூசி விவரம், சொந்தக்காரர் விவரம், இரண்டு பக்கப் புகைப்படம். சுழிகள் எங்கெங்கே இருக்கிறது என்று வரைந்து வைத்தோம், அது குதிரைக்குக் கைரேகை மாதிரி. அனுப்புகிறவர், பெறுகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர், தீவன அளவு எல்லாம் எழுதிய அட்டை வண்டியில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். மாடு கடத்தல் சந்தேகத்தில் உயிரோடு பிராணி போகிற எந்த வண்டியையும் நிறுத்துவார்கள், அந்த நேரத்தில் கையில் இருக்கிற காகிதம்தான் பேசும்.

கிளாண்டர்ஸ் பரிசோதனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குதிரைகளுக்கு வரும், மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய் அது, அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது, உறுதியானால் குதிரையைக் காப்பாற்ற அனுமதி கிடையாது. அரியானாவில் ஹிசாரில் இருக்கிற தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம்தான் இந்தப் பரிசோதனையில் நாட்டுக்கே தலைமை. ரத்தம் எடுத்து, முடிவு வர நேரம் ஆகும். ஆகவே வண்டி தேதி குறிப்பதற்கு முன்பே இதை ஆரம்பித்துவிட வேண்டும். "நம்ம ஊருக்குள்ளதானே போகுது, டெஸ்ட் எதுக்கு?" என்று பக்கத்து லாயக்காரர் சொன்னார். சித்தப்பா மகன் தோப்பு பக்கத்தில் இன்னொருவர் குதிரை வளர்க்கிறார். அவர் குதிரைக்கு என்னால் ஆபத்து வந்தால் நான் எந்த முகத்தோடு நிற்பது?

காப்பீட்டில் ஒரு விஷயம். வண்டிக்கு இருக்கிற இன்சூரன்ஸ் குதிரைக்கு உதவாது. குதிரைக்கு எடுத்த பாலிசி பயண நேரத்துக்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாய் சாய்வுப் பலகையை முன்கூட்டியே கொண்டுவந்து எங்கள் லாயத்தில் போட்டுவிட்டார். தினமும் காலையில் அதன் மேலே கொள்ளு வாளியை வைத்து, ஏறுவதும் இறங்குவதுமாக சிட்டுவுக்குப் பழக்கினோம். முதலில் முன்னங்காலை வைத்து, "தொம்" என்று கேட்ட சத்தத்துக்கே பின்வாங்கினாள். யாரும் இழுக்கவில்லை, அடிக்கவில்லை. நைனா பலகையின் மேல் முனையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் தானாக ஏறிப் போய் பேப்பரைக் கடித்தாள்.

தண்ணீருக்கும் ஒரு பழக்கம் தேவைப்பட்டது. குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், ஆனால் புது ஊர்த் தண்ணீர் வாசனை பிடிக்காவிட்டால் வாயே வைக்காது. குடிக்காத குதிரைக்கு வயிறு கட்டும், வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது, வலியில் புரளும். அதனால் வீட்டிலேயே தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்கினோம். வழியில் எந்தத் தண்ணீரானாலும் அதே வெல்ல வாசனை இருக்கும். முதல் நாளுக்கு நம் வீட்டுத் தண்ணீரையே கேன்களில் ஏற்றினோம்.

வாடகை, போகவும் வரவும் சேர்த்துக் கிலோமீட்டர் கணக்குத்தான். டோல், டிரைவர் பேட்டா, உதவியாள் கூலி, இரவு தங்கும் செலவு, முந்தைய குதிரை இறங்கின பிறகு வண்டியைக் கிருமிநாசினி போட்டுக் கழுவும் செலவு எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்கினேன். மாட்டு வண்டிக்காரர் சொன்னதைவிட நன்றாகவே கூடுதல். கொடுத்தது எனக்கு உறுத்தவில்லை.

கிளம்பினது விடியுமுன். கன்டெய்னர் லாரிகள் நெருக்கும் முன்னே மாதவரத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். கிளம்புவதற்கு முன் கொள்ளு கிடையாது, காய்ந்த புல் மட்டும். மயக்க ஊசி போடலாமா என்று என் தம்பி கேட்டதற்கு டாக்டரும் பாயும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். ஆடுகிற வண்டியில் காலை ஊன்றி நிற்க குதிரைக்கு அதன் முழு நினைவும் வேண்டும்.

வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் போவோம் என்று நினைத்திருந்தேன். பாய் பைபாஸில் பெருங்களத்தூர் வந்து திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகப் போனார். காரணம் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற அந்தச் சரிவில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுவது அடிக்கடி செய்தியில் வரும். மோதாவிட்டாலும், இறக்கம் முழுக்க பிரேக் மிதித்து மிதித்துப் போகும்போது, நிற்கிற குதிரைக்கு ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முன்னால் தள்ளப்படும். உளுந்தூர்பேட்டை வழியில் அந்த இறக்கம் இல்லை.

நாங்கள் காரில் பின்னால் போனோம். பின்னால் வருகிறவர்களெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டினார்கள், டிரைவர் வேகத்தைக் கூட்டவே இல்லை. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மரநிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கயிற்றை அவிழ்த்துத் தலையைக் கீழே விட்டார்கள். சிட்டு தலையைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று முறை பலமாகச் சீறினாள். மூக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் சளி கொட்டியது. பாய் தன் துண்டாலேயே துடைத்து, நிறத்தைப் பார்த்து, "நல்லா வருது" என்றார். ஓடுகிற வண்டியில் நிறைய குதிரைகள் சிறுநீர் கழிக்காதாம். நிறுத்தி வைக்கோலைக் கிளறிவிட்டதும் கழித்தாள். அதையும் டிரைவர் நோட்டில் குறித்துக்கொண்டார்: நேரம், எவ்வளவு தண்ணீர், சாணம் போட்டதா.

ஆத்தூர் பக்கம் பாய்க்குத் தெரிந்த தோட்டம் ஒன்றில் இறக்கி இரவு தங்கினோம். மறுநாள் சேலம், பெருந்துறை, அவிநாசி தாண்டி, பொழுது சாய்வதற்குள் ஆனைமலை.

இறக்கியதும் எல்லோரும் பாசத்தில் கொள்ளும் வெல்லமும் கொண்டுவந்தார்கள். பாய் தடுத்துவிட்டார். முதலில் தண்ணீர், புல், கொஞ்சம் நடை. மற்ற குதிரை, மாடு எதனோடும் கொஞ்ச நாளைக்குச் சேர்க்காமல், தோப்பின் மறுகோடியில் தனித் தொட்டி, தனி வாளி வைத்தோம். பாய் தெர்மாமீட்டரைச் சித்தப்பா மகன் கையில் கொடுத்து, ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது எப்படி என்று செய்துகாட்டினார். குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி வரை சரி. அதற்கு மேல் போனாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ, இருமினாலோ உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மீதிப் பணம் வாங்கிக்கொண்டு போன பிறகும் காலையும் மாலையும் பாயிடமிருந்து போன் வந்தது. "சூடு எவ்ளோமா? சாணம் எப்படி?" அவ்வளவுதான் பேச்சு. மூன்றாம் நாள் மாலையும் சூடு சரியாக இருக்கிறது, புல் நன்றாக எடுக்கிறாள் என்றதும், "அப்போ நெஞ்சு தப்பிச்சுது. ஆனா இன்னும் ஒரு வாரம் யாரும் மேல ஏற வேணாம்னு சொல்லுங்க" என்றார். சித்தப்பா மகனின் பிள்ளைகள் ஏறக் காத்திருந்தார்கள். அவன் சேணத்தை எடுத்து பரண்மேல் போட்டுவிட்டான்.