சின்சே (சீன வைத்தியர்) கிட்ட போனா நம்ம உடம்பை எப்படி பாக்கறாங்க? என் அனுபவம்

சிங்கப்பூர்ல நான் அக்குபஞ்சர் எடுக்கறேன்னு சொன்னாலே எல்லாரும் கேக்கற மொத கேள்வி ஊசி வலிக்குமான்னுதான். எனக்கு என்னமோ ஊசியைவிட அதுக்கு முன்னாடி நடந்த பரிசோதனைதான் மனசுல நின்னுச்சு, அதனால அதையே விவரமா எழுதறேன்.

எனக்கு வயித்து உப்புசம். சாப்ட உடனே கண்ணை சொருகும், உடம்பே பாரமா இருக்கும். பாலிகிளினிக்ல பிளட் டெஸ்ட், அப்புறம் ஆஸ்பத்திரில எண்டோஸ்கோப்பி, எல்லாம் நார்மல். அது நிம்மதிதான், ஆனா உப்புசம் அப்படியேதானே இருக்கு. பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி தனக்கு பழக்கமான சின்சே கிட்ட போகச் சொன்னாங்க. இங்க 2000ல வந்த சட்டப்படி சீன வைத்தியம் பாக்கறவங்க பதிவு பண்ணியிருக்கணும், பேரை ஆன்லைன்லயே தேடிப் பாக்கலாம், நான் பாத்துட்டுதான் போனேன், நீங்களும் பாத்துடுங்க.

போன்லயே சொல்லிட்டாங்க, காலைல கோப்பி குடிக்காதீங்க, நாக்கை வழிக்காதீங்கன்னு. கோப்பி கறை படிஞ்சா நாக்கு மேல இருக்கற படிவோட நிஜ நிறம் தெரியாதாம்.

உள்ள போனதும் சின்சே கம்ப்யூட்டர் பக்கமே திரும்பல, என் முகத்தைத்தான் பாத்தாரு. பாக்கறது, குரலையும் வாசனையையும் கவனிக்கறது, கேக்கறது, தொட்டுப் பாக்கறதுன்னு நாலு வழி வச்சிருக்காங்க. கேள்விதான் எக்கச்சக்கம். குளிருதா சூடா இருக்கா, எப்ப வேர்க்கும், தாகம் எடுத்தா ஜில்லுன்னு கேக்குதா சுடச்சுட கேக்குதா, மலம் இறுகிப் போகுதா இளகிப் போகுதா, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது, பீரியட்ஸ் எப்படின்னு ஒண்ணு விடாம கேட்டாரு. எந்த டாக்டரும் என்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதில்ல, அதுலயே பாதி பாரம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் நாக்கு. ஜன்னல் வெளிச்சத்துல நீட்டச் சொன்னாரு. நுனி இதயமும் நுரையீரலும், ரெண்டு ஓரமும் கல்லீரல், நடு வயிறும் மண்ணீரலும், அடி சிறுநீரகம், அவங்க கணக்கு அப்படி. என் நாக்கு உப்பலா, ஓரத்துல பல் பதிஞ்ச தடத்தோட, நடுவுல வெள்ளையா திக்கா படிவோட இருந்துச்சு. அவரு கண்ணாடியைக் கொடுத்து காட்டின அப்புறம்தான் நானே பாத்தேன், இத்தனை வருஷமா தினமும் பல்லு விளக்கற வாய்தான்!

நாடிக்கு கையை சின்ன தலைகாணி மேல வைக்கச் சொல்லி மூணு விரல் வச்சாரு. நம்ம சித்த வைத்தியத்துல அந்த மூணு விரலுக்கும் வாதம், பித்தம், கபம் இல்லையா, இவங்களுக்கு அந்த மூணு இடமும் வேற வேற உறுப்பு, இடது கைல இதயம், கல்லீரல், சிறுநீரகம், வலது கைல நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம், அதையும் லேசா தொட்டு ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை. நடுவுல திடீர்னு, கர்ப்பமா இருக்கீங்களான்னு கேட்டாரு. விரலுக்கு அடியில வழுக்கிட்டு ஓடற நாடி கர்ப்பத்துலயும் வரும், உடம்புல ஈரம், அதாவது சரியா செரிக்காம தங்கற நீர்த்தன்மை, தேங்கினாலும் வரும்னு சொல்றாங்க, அதோட கர்ப்பிணிகளுக்கு சில புள்ளில குத்தவே மாட்டாங்க.

கடைசில சொன்னது, மண்ணீரல் பலவீனம், ஈரம் தேங்கியிருக்கு. கேட்டா பயந்துடாதீங்க. ஸ்கேன்ல தெரியற மண்ணீரல் வேற, இவங்க மண்ணீரல்னு சொல்றது சாப்பாட்டை சத்தா மாத்தற மொத்த வேலையையும். நோய்க்கு பேர் வைக்கறதைவிட சூடா குளிர்ச்சியா, உள்ளயா வெளியயா, குறைவா மிகுதியான்னு உடம்போட போக்கைத்தான் பாக்கறாங்க. அதனால எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும் ஒரே உப்புசம்னாலும் மருந்து வேற வேறயா வரலாம். இதுல எனக்கு ஒரு சங்கடமும் உண்டு, ஒரே கையை ரெண்டு பேர் பாத்தா ஒரே நாடியைத்தான் சொல்வாங்கன்னு உறுதி கிடையாது, அதனாலதான் டெஸ்ட் எடுக்காம நேரா இங்க மட்டும் வந்துடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்.

ஊசி முடி மாதிரி மெல்லிசு. முட்டிக்கு கீழ நாலு விரல் தள்ளி, எலும்புக்கு வெளிப்பக்கமா ஒண்ணு, வயித்துக்கு அதுதான் முக்கியமான புள்ளியாம். குத்தறப்ப ஒண்ணும் தெரியல, லேசா திருப்பினதும் ஒரு கனமான வலி பாதம் வரைக்கும் இறங்குச்சு, வந்துச்சான்னு கேட்டுட்டு சரின்னு தலையாட்டினாரு. வந்தாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்.

அதோட ஐஸ் மைலோ கூடாது, தயிரை குறைங்க, காய்ஞ்ச இஞ்சி சேத்துக்கோங்கன்னாரு. நம்ம சுக்குதான்! தயிரை விடறதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. இப்ப உப்புசம் நல்லாவே குறைஞ்சிருக்கு, ஊசியாலயா சாப்பாட்டாலயான்னு என்னால பிரிச்சு சொல்ல முடியல. அடுத்தடுத்த தடவை போறப்பவும் மொதல்ல நாக்கைத்தான் பாப்பாரு, படிவு மெல்லிசானதும் புள்ளிகளை மாத்திட்டாரு.

போறவங்க வெறும் வயித்தோட போகாதீங்க, மயக்கம் வரும். முட்டிக்கு மேல ஏத்தி விடற மாதிரி லூசான பேன்ட் போட்டுக்கோங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தீங்கன்னா ஊசி எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, மூலிகை கொடுத்தா அதை உங்க டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க.