இன்னொரு ரச்செட் ஸ்பானர் செட் வாங்கிறதா விடுறதா

திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் இருக்கிற ஒரு ஹாட்வெயாருக்கு போன சனிக்கிழமை ஹோஸ் கிளிப் ரெண்டு வாங்கப் போனனான். போன இடத்தில கண்ணாடி அலுமாரிக்குள்ள புதுசா ஒரு ரச்செட் ஸ்பானர் செட் கிடந்தது (ரச்செட் எண்டா ஒரு பக்கம் திருப்பேக்க நட்டைப் பிடிக்கும், மற்றப் பக்கம் நட்டில இருந்து கழட்டாமலே சும்மா சுத்தி வரும்), 8 எம்எம் இருந்து 19 வரை 12 துண்டு, தலை மடங்கிற மாதிரி, பக்கத்தில திசை மாத்திற சின்ன லீவரோட. நான் பாக்கிறதைக் கண்டிட்டு கடைக்காரர் எடுத்துக் கையில தந்திட்டார். 14 ஐ எடுத்து விரலால சுத்திப் பாத்தன், கிர்ர்ர் எண்டு மெல்லிசா ஒரு சத்தம், அந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்குத் திருப்பி வைக்க மனம் வராது. விலை கேட்டன், 28,500 எண்டார். கிளிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திட்டன், ஆனா அண்டையில இருந்து இதே யோசினைதான், ஏனெண்டா என்னட்ட ஏற்கனவே ஒரு செட் இருக்கு.

அது 2019 இல வாங்கினது, அதுவும் 8 இருந்து 19 வரைதான், ஆனா தலை மடங்காது, லீவரும் இல்லை, மற்றப் பக்கம் சுத்தோணும் எண்டா ஸ்பானரையே கழட்டி மறு பக்கம் புரட்டிப் போடோணும். அப்ப 10,000 க்கு உள்ளதான் முடிஞ்சது. 2022 இல டொலர் 200 ரூபா கிட்ட இருந்து 360 வரைக்கும் போன பிறகு இரும்புச் சாமான் எதையும் பழைய விலைக்குப் பாக்கேலாது, அதால இப்ப ஒரு செட் எண்டுறது சும்மா ஆசைக்கு எடுக்கிற சாமான் இல்லை, மாசச் சம்பளத்தில ஒரு பங்கு.

நான் கராஜ் வச்சிருக்கிற ஆள் இல்லை. கிழமை நாளில ஒபீஸ், சனி ஞாயிறில வீட்டு முத்தத்தில அல்லது சல்லி எண்ட கடற்கரைக் கிராமத்தில எஞ்சினோட மல்லுக்கட்டுறது. மனுசியின்ர தம்பி சல்லியில போட் வச்சிருக்கிறார், பைபர் போட், ஜப்பான் எஞ்சின். கார்த்திகை மார்கழியில வாடைக் காத்து எழும்பிச்செண்டா கடல் பொல்லாததாப் போயிடும், போட்டெல்லாம் மணலில ஏத்திக் கிடக்கும், அந்த ரெண்டு மூண்டு மாசத்திலதான் எஞ்சின் வேலையெல்லாம் செய்யிறது. தண்ணிப் பம்புக்குள்ள இருக்கிற றப்பர் இம்பெல்லர் மாத்திறது, கியர் ஒயில் மாத்திறது, காபரேட்டர் கழட்டிக் கழுவிறது. மாரிக்கு வெயில் எட்டிப் பாக்கிற நாளில கோணேசர் மலை தூரத்தில தெரிய, அங்க மணலில சாக்கை விரிச்சுப்போட்டு இருந்து செய்யிற வேலைதான் வருசத்தில எனக்குப் பிடிச்ச வேலை, அதையும் சொல்லோணும்.

ரச்செட் ஸ்பானர் ஏன் வேணும் எண்டு தெரியாத ஆக்களுக்கு ஒருக்கா விளங்கப்படுத்திறன். சாதாரண ரிங் ஸ்பானருக்கு, அதாவது நட்டைச் சுத்தி வளைச்சுப் பிடிக்கிற வளையத் தலைக்கு, உள்ளுக்க 12 முனை, அதால ஒவ்வொருக்கா கழட்டி மாட்டேக்கயும் குறைஞ்சது 30 டிகிரி திருப்பினாத்தான் அடுத்த முனையில போய் இருக்கும். என்ர 14 ஸ்பானர் ஒரு சாணுக்குக் கிட்ட நீளம், அந்த நீளத்துக்கு 30 டிகிரி எண்டா கைப்பிடி நுனி பத்துச் சென்ரிமீற்றர் போய் வரோணும். 72 பல்லு ரச்செட் எண்டா 360 ஐ 72 ஆல பிரிச்சுப் பாருங்கோ, 5 டிகிரி, நுனி ரெண்டு சென்ரிமீற்றருக்குள்ள அசைஞ்சாலே காணும். எஞ்சின் மூடியைத் திறந்து காபரேட்டர் நட்டைக் கழட்டப் போனா உங்களுக்குக் கிடைக்கிற இடம் ரெண்டு விரல் அகலம்தான், அதுவும் நட் இருக்கிறது நீளமான ஸ்ரட் ஒண்டில (தலை இல்லாத போல்ட்), கிண்ணம் மாதிரி மேலால மூடுற சாதாரண சொக்கெட் போட்டா ஸ்ரட் உள்ள போய் முட்டிக்கொண்டு நட்டை எட்டாது, ரச்செட் ரிங் எண்டா ஸ்ரட் அப்பிடியே நடுவால வெளியில வரும். அந்த இடத்தில வேற ஒண்டும் இவ்வளவு லேசா வராது. ஒருக்கா அதைப் பாவிச்சுப் பழகின கை பிறகு பழைய ஸ்பானரைத் தூக்காது.

ஆனா ஒண்டு, இறுகிக் கிடக்கிற நட்டை ரச்செட் பக்கத்தால முதல் தரம் இளக்கக் கூடாது. உள்ளுக்க இருக்கிறது ஒரு சின்ன நாக்கு, அது பல்லில பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுதான் முழு பலமும். முதல் அசைவுக்கு சாதாரண ரிங், அசைஞ்ச பிறகு ரச்செட், இந்த ஒழுங்கை நான் மாத்திறதே இல்லை, கைப்பிடியில பைப்பைக் கொழுவி இழுக்கிற ஆக்களைக் கண்டா எனக்கு நெஞ்சு பதறும்.

இப்ப என்ன குறைக்கு இன்னொரு செட் எண்டு கேட்டா, அதுக்கு ஒரு கதை இருக்கு. போன வருசம் அண்ணாவின்ர டொல்பின் வானில ஒல்டர்நேட்டர் கழட்டினம். நீளமான போல்ட் ஒண்டு, தலைக்கு முன்னால கொஞ்சம் தள்ளி ஒரு இரும்புப் பைப் போகுது. நான் ரச்செட்டைப் போட்டு கிர் கிர் எண்டு கழட்டிக்கொண்டே இருக்கிறன், போல்ட் வெளிய வர வர ஸ்பானரும் அதோட சேந்து வெளிய வருது, ஒரு இடத்தில வந்து ஸ்பானர்த் தலை பைப்பில முட்டி நிண்டிட்டு. இனி வெளிய இழுக்கேலாது, இடம் இல்லை. உள்ளுக்குத் திருப்பி இறுக்கவும் ஏலாது, ஏனெண்டா என்ர செட்டில திசை மாத்தோணும் எண்டா கழட்டிப் புரட்டோணும், கழட்டத்தானே ஏலாமக் கிடக்கு. அப்பிடியே ஸ்பானர் வானோட பூட்டுப்பட்டுப் போச்சு. கையை விட்டாலும் விழாது, அந்த இடத்திலயே தொங்குது. கடைசியா பைப்பைப் பிடிச்சிருந்த பிராக்கெட்டின்ர ரெண்டு 10 போல்ட்டையும் கீழ படுத்துக் கிடந்து கழட்டி, பைப்பை ஒரு விரல்கடை தள்ளி, அதுக்குப் பிறகுதான் ஸ்பானர் வந்தது. பத்து நிமிச வேலை மத்தியானம் தாண்டிப் போச்சு. லீவர் வச்ச ஸ்பானர் எண்டா ஒரு தட்டு, திருப்பி ரெண்டு சுத்து உள்ளுக்கு இறுக்கி, கழட்டி எடுத்திருக்கலாம். அண்டைக்கே முடிவெடுத்தன், ஒடுக்கமான இடத்துக்கு லீவர் இல்லாததை இனிக் கொண்டு போறேல்ல எண்டு.

இது ஒரு பக்கம். மற்றப் பக்கம் எங்கட ஊர் உப்புக்காத்து.

திருகோணமலையில இரும்புச் சாமான் வச்சிருக்கிற ஆக்களுக்குத் தெரியும், கடலுக்குக் கிட்ட வீடு எண்டா கேற்றுப் பூட்டுக்கூட வருசத்தில ரெண்டு தரம் ஒயில் கேக்கும். சாதாரண ஸ்பானர் எண்டா மேல கறள் பிடிச்சாலும் துணியால தேய்ச்சிட்டுப் பாவிக்கலாம். ரச்செட் அப்பிடி இல்லை. என்ர 12 ஸ்பானரை ஒருக்கா போட்டுக்குள்ள விட்டிட்டு வந்திட்டன், மூண்டு நாள் அடித்தட்டுத் தண்ணிக்குள்ள கிடந்திருக்கு. எடுத்துப் பாத்தா வெளிய மினுங்குது, குரோம் அப்பிடியே இருக்கு, ஆனா சுத்தேக்க சத்தம் இல்லை, ரெண்டு பக்கமும் வழுக்குது. முத்தத்தில வெள்ளைத் துணி விரிச்சு சின்ன வளையத்தைக் கழட்டி உள்ளுக்கப் பாத்தன். பல்லுச்சக்கரம் சரி, நாக்கும் சரி, நாக்குக்குப் பின்னால அரிசிமணி அளவில ஒரு ஸ்பிரிங் இருக்கும், அது தொட்ட உடன செம்மண் மாதிரித் துகளாப் போச்சு. பழைய பேனை ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டுப் பாத்தன், கொஞ்ச நாள் வேலை செய்தது, பிறகு அதுவும் மடங்கிட்டு. அந்த 12 இல இப்ப மற்ற நுனியில இருக்கிற திறந்த வாய் மட்டும்தான் உதவும், வெறும் ஓப்பன் ஸ்பானர்தான்.

அதுக்குப் பிறகு ஒவ்வொருக்காவும் கரையில இருந்து வந்தா மண்ணெண்ணெயில கழுவி, நல்லா உதறிக் காயவிட்டு, தையல் மிசின் ஒயில் ஒரு துளி விடுறன். கிறீஸ் அடைக்கக் கூடாது, கிறீஸ் தடிச்சுப்போனா நாக்கு பாஞ்சு பல்லில பிடிக்காது.

அப்பப்பாவின்ர பெட்டியைப் பத்தியும் சொல்லத்தான் வேணும். அவர் டொக்யாட்டில வேலை செய்தவர், வெள்ளைக்காரன் 1957 இல கடற்படைத் தளத்தைக் குடுத்திட்டுப் போற வரைக்கும். அவற்ற ஸ்பானர் ஏழு இப்பவும் எங்கட வீட்ட கிடக்கு, கறுப்பா, பாரமா, தலையில 1/2 டபிள்யூ, 3/8 டபிள்யூ எண்டு வெட்டிக் கிடக்கும். சின்ன வயசில எனக்கு அது விளங்கேல்ல, அரை இஞ்சி எண்டு போட்டிருக்கு, அளந்து பாத்தா வாய் அதை விட எவ்வளவோ பெரிசு. பிறகுதான் தெரிஞ்சது அது விற்வேர்த் அளவு, இங்கிலாந்துப் பொறியியலாளர் ஜோசப் விற்வேர்த் 1841 இல கொண்டுவந்த முறை, ஸ்பானரில போட்டிருக்கிற இலக்கம் நட்டுத் தலையின்ர அகலம் இல்லை, போல்ட்டின்ர பருமன். இப்ப அது பொருந்துற நட் ஒண்டும் எங்களிட்ட இல்லை. ஆனா அறுபது வருசத்துக்கு மேல இந்த உப்புக்காத்தில கிடந்தும் அதுகளுக்கு ஒண்டும் நடக்கேல்ல, ஏனெண்டா உள்ளுக்க அசையிற சாமான் ஒண்டும் இல்லை. தலை மடங்கிற ரச்செட் எண்டா நாக்கு, ஸ்பிரிங், லீவர், மடக்குற ஆணி எண்டு உப்புக்கு நாலு வாசல். அதால போட்டுப் பெட்டிக்குள்ளயே வச்சிருக்க ஒரு செட் எண்ட யோசினையை அதோட விட்டிட்டன். போட்டுக்குள்ள கிடக்கிறதுக்கு சாதாரண ரிங் ஸ்பானர்தான் சரி.

மிச்சம் இருக்கிற கேள்வி வீட்டுக்கு ஒரு முழு செட் வேணுமா எண்டது. ஞாயிற்றுக்கிழமை என்ர பழைய செட்டை எடுத்து மேசையில வரிசையா அடுக்கிப் பாத்தன். 10, 12, 14 மூண்டும் கைப்பிடியில எழுத்தே தேய்ஞ்சு போச்சு. 17 உம் 8 உம் கொஞ்சம் கீறல். 9, 11, 15, 16, 18 அஞ்சையும் தூக்கிப் பாத்தா கொம்பனியில பூசின ஒயில் இன்னும் விரலில ஒட்டுது, ஆறு வருசமா ஒருத்தரும் தொடேல்ல. காரணம் இருக்கு. ஜப்பான்காரன் 6 எம்எம் போல்ட்டுக்கு 10 தலை, 8 க்கு 12, 10 க்கு 14, 12 க்கு 17 எண்டு வைப்பான், எங்கட எஞ்சினும் வானும் ரெண்டும் ஜப்பான். ஐரோப்பாக்காரன்ர கணக்கில 8 எம்எம் போல்ட்டுக்கு 13 தலை, 10 க்கு 16 அல்லது 17. அதால 12 துண்டுச் செட்டில பாதிக்குக் கிட்ட நான் காசு குடுத்து சும்மா வச்சிருக்கிறன். 28,500 ஐ 12 ஆல பிரிச்சா ஒரு துண்டு 2,375, எனக்கு உண்மையா வேண்டியது மூண்டு.

பின்னேரம் மச்சான் வந்தவர், சொன்னன். அவர் உடன, "அத்தான், நீங்க செட்டா எடுங்கோ, பாதிக் காசை நான் தாறன், எஞ்சின் என்ரதுதானே" எண்டார். மனம் நிறைஞ்சது, ஆனா இந்த வருசம் அவருக்கு மீன்பாடு எப்பிடி எண்டு எனக்குத் தெரியும். "வேண்டாம் மச்சான், அந்தக் காசுக்கு இம்பெல்லர் ஒண்டு வாங்கி வை, ஸ்பானர் என்ர பாடு" எண்டு சொல்லிப்போட்டன். மனுசி தேத்தண்ணி கொண்டு வந்து வச்சிட்டு, மேசையில கிடந்ததைப் பாத்திட்டு, "இஞ்சேருங்கோ, இந்த மினுங்கிற அஞ்சும் இருக்கேக்க இன்னும் ஒரு அஞ்சு மினுங்கிறது என்னத்துக்கு" எண்டு கேட்டா. அதுக்கு மேல எனக்கு யோசிக்க ஒண்டும் இருக்கேல்ல.

திங்கட்கிழமை அதே கடைக்குப் போய் தனித்தனியாத் தருவீங்களோ எண்டு கேட்டன். செட்டை உடைக்கேலாது எண்டு சொன்னார், அதில அவரைக் குறை சொல்லேலாது, நடுவில மூண்டு இல்லாத செட்டை ஆர் வாங்கப் போறது. ஆனா நல்ல மனுசன், கொழும்பில பஞ்சிகாவத்தைப் பக்கம் தனித் துண்டா எடுக்கலாம், எடுக்கேக்க மூண்டு விசயம் பாக்கச் சொல்லுங்கோ எண்டு சொல்லித் தந்தார். ஒண்டு, லீவர் ரெண்டு பக்கமும் சொட்டெண்டு விழோணும், நடுவில நிக்கக் கூடாது. மற்றது, மடக்கிற மூட்டு சும்மா தொங்கக் கூடாது, வச்ச கோணத்தில நிக்கோணும். மூண்டாவது தலையின்ர தடிப்பு, லீவர் வச்சது சாதாரணத்தை விடக் கொஞ்சம் தடிப்பாத்தான் இருக்கும், அது கூடிப் போனா ஒடுக்கத்துக்க போகாது, பிறகு வாங்கினதே வீண். இதை நான் யோசிக்கவே இல்லை, வீட்ட வந்து காபரேட்டர் நட்டுக்கும் அங்கால இருக்கிற இரும்புக்கும் இடையில ஐஸ்கிறீம் குச்சியை அடுக்கி அடுக்கி வச்சு அளந்தன், ஆறு குச்சி போகுது, ஏழாவது இறுகுது. அந்த ஆறு குச்சியையும் றப்பர் பாண்ட் போட்டுக் கட்டி வச்சிருக்கிறன்.

பெரியம்மாவின்ர மகன் வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில கொழும்புக்குப் போறான், குச்சிக் கட்டையும் குடுத்து 10, 12, 14 மூண்டும் எடுத்து வரச் சொல்லியாச்சு, தலை மடங்கிறது, லீவர் வச்சது, 72 பல்லுக்குக் குறையாதது. இப்ப இழுபறி 13 ஒண்டுதான். பக்கத்து வீட்டுக்காரர் தன்ர ட்ரக்டரையும் பாத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார், அதில 13 கனக்க வருது, ஆனா அது வெளியால திறந்து கிடக்கிற எஞ்சின், கைக்கு இடம் தாராளமா இருக்கு, பழைய 13 ஏ காணும் போலயும் கிடக்கு. வெள்ளிக்கு முதல் ஒருக்காப் போய் பொனட்டைத் திறந்து பாத்திட்டுத்தான் அவனுக்குச் சொல்லோணும்.