கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடி காத்திருக்க எனக்கு ஓர் ஆண்டு ஆனது

பதினோரு ஆண்டுகள் பொதுத்தேர்வுப் பாடத்திட்டத்தில் அறிவியல் நடத்திவிட்டு, ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) பாடத்திட்டம் நடத்தும் ஒரு சர்வதேசப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். முதல் பருவத்துக்குள் ஒரு பயிலரங்கு, ஆண்டுக்கு மூன்று முறை வகுப்பறை நோக்கல் (சக ஆசிரியர் வந்து நம் பாடத்தைக் கவனிப்பது), துறை ஆசிரியர்கள் சேர்ந்து மதிப்பெண் ஒப்பிடும் கூட்டங்கள், கடைசியில் இவற்றின் பதிவுகளைத் தொகுத்த ஒரு போர்ட்ஃபோலியோ. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பள்ளியில் ‘பிடி’ என்று சொல்வார்கள். புரொஃபஷனல் டெவலப்மென்ட். இதே மாதிரி பள்ளி மாறப்போகிற சிலர் என்னிடம் விவரம் கேட்டார்கள். அவர்களுக்காக, நான் கடந்துவந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பயிலரங்கிலிருந்து தொடங்குகிறேன். ஐபி 1968-ல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட அமைப்பு. அதில் 11 முதல் 16 வயது வரையிலான மாணவர்களுக்கான எம்.ஒய்.பி. (மிடில் இயர்ஸ் புரோகிராம்) 1994-ல் வந்தது. நான் நடத்துவது அதைத்தான். பயிலரங்குகளில் மூன்று வகை உண்டு. முதல் வகை புதிதாக வருபவர்களுக்கு. இரண்டாவது, ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர்கள் ஆழமாகப் போவதற்கு. மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு பேசுவது. நான் போனது முதல் வகை, இணையவழியில் நான்கு வாரம். போவதற்கு முன் உங்கள் பாடத்தின் வழிகாட்டி நூலை ஒரு முறையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். நான் பாதிதான் படித்திருந்தேன். முதல் வாரம் முழுக்கச் சொற்களைப் புரிந்துகொள்வதிலேயே போனது.

அங்கே மறக்க முடியாத ஒன்று நடந்தது. ஒவ்வொரு அலகுக்கும் ‘ஆய்வு வாசகம்’ என்று ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அலகு முழுவதும் அந்த வாக்கியத்தைச் சுற்றித்தான் நடக்கும். நான் “வெப்பமும் அதன் பரவலும்” என்று எழுதி அனுப்பினேன். பயிற்றுநர் ஒரு வரி பதில் போட்டார்: “இதை ஒரு மாணவர் மறுத்துப் பேச முடியுமா?” முடியாது. அது வெறும் பாடத்தலைப்பு. எம்.ஒய்.பி. அறிவியலுக்கு மாற்றம், உறவுகள், அமைப்புகள் என்று மூன்று மையக் கருத்துகள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நான்கு முறை மாற்றி எழுதினேன். கடைசியில் வந்தது இது: “ஓர் அமைப்பில் ஆற்றல் எப்படி இடம் மாறுகிறது என்று தெரிந்தால், நம் புலன்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.” இதை மறுக்கலாம், சோதிக்கலாம், சண்டை போடலாம். அந்த அலகை இன்றும் அதே வாக்கியத்தோடுதான் நடத்துகிறேன்.

ஆனால் நான்கு வாரம் முடிந்து வகுப்புக்குள் போனபோது நான் பழைய ஆசிரியராகத்தான் இருந்தேன். என் திட்டப் படிவம் மாறியிருந்தது, என் பாடம் மாறவில்லை. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு முறையை விளக்கிச் சொன்னாலும், செய்து காட்டினாலும், அது வகுப்பறைக்குள் போய்ச் சேருவது அரிது. கூடவே ஒருவர் இருந்து, ஆசிரியர் அதைப் பழகப் பழகத் துணை நிற்க வேண்டும். இதைப் பிற்பாடுதான் படித்தேன். படித்தபோது என் முதல் பருவம் முழுதும் கண்முன் வந்தது.

அடுத்தது வகுப்பறை நோக்கல். இதற்குத்தான் நான் மிகவும் பயந்தேன். பழைய பள்ளியில் ஆய்வாளர் வருகிறார் என்றால் கரும்பலகை துடைத்து, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து, ஏற்கெனவே நடத்திய பாடத்தையே திரும்ப நடத்துவோம். இங்கே எனக்குத் துணையாகப் போடப்பட்டவர் ஒரு கணித ஆசிரியை, என்னைவிட மூத்தவர். முந்தைய நாள் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினோம்.

“நாளைக்கு நான் எதைப் பார்க்கட்டும்?” என்றார்.

“எல்லாவற்றையும் பாருங்கள். குறை இருந்தால் சொல்லுங்கள்.”

“எல்லாவற்றையும் பார்த்தால் எதுவும் கண்ணில் படாது. உங்கள் மனதை உறுத்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்.”

கொஞ்சம் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன். வகுப்பில் எப்போதும் அதே நான்கைந்து பேர்தான் பதில் சொல்கிறார்கள். மற்றவர்கள் கேட்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள், வாய் திறப்பதில்லை. “சரி, அதை மட்டும் பார்க்கிறேன்” என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் அவர் கொண்டுவந்தது ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு ஸ்டாப்வாட்ச். தாளில் என் வகுப்பின் இருக்கைகளைக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தார். நான் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் யார் பதில் சொல்கிறாரோ அவர் கட்டத்தில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு சின்ன எண். அந்த எண், கேள்வி முடிந்து அடுத்த குரல் வரும்வரை போன நொடிகள். பாடம் முடிந்ததும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தாளைக் கையில் கொடுத்து, “இன்றைக்கு நீங்களே பாருங்கள், நாளைக்குப் பேசுவோம்” என்றார்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். நாற்பது நிமிடத்தில் 58 கேள்விகள். பக்கத்தில் இருந்த எண்கள் பெரும்பாலும் 1. சில இடங்களில் 0. முன் வரிசையில் மூன்று கட்டங்களில் கோடு போட இடமே இல்லை. ஜன்னலோர வரிசையில் ஆறு கட்டங்கள் வெறுமை. ஆசிரியர் என்று எழுதியிருந்த கட்டத்திலும் 14 கோடுகள் இருந்தன. அவை நானே கேட்டு நானே பதில் சொன்னவை. தாளில் எங்கேயும் ‘நன்று’ என்றோ ‘திருத்திக்கொள்ளவும்’ என்றோ ஒரு சொல் இல்லை. குறை எழுதியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அந்த வெறுமைக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆறு பிள்ளைகளின் முகமும் எனக்குத் தெரியும். நாள்தோறும் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்.

மறுநாள் அவர் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளரைப் பற்றிச் சொன்னார். வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டு ஆராய்ந்தவர். கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிக்கு மேல் காத்திருப்பதில்லை என்று 1970-களில் கண்டறிந்தார். அதை மூன்று நொடி ஆக்கினாலே மாணவர்களின் பதில் நீளும், கேட்காமலேயே பேச முன்வருவார்கள், “தெரியாது” என்பது குறையும், காரணம் சொல்லத் தொடங்குவார்கள். இதில் இரண்டு இடைவெளிகள் உண்டு என்பதும் ரோ சொன்னதுதான். கேள்விக்குப் பின் ஒன்று. மாணவர் பதில் சொன்ன பின், நாம் வாய் திறப்பதற்கு முன் இன்னொன்று.

முதல் இடைவெளியை ஒரு மாதத்தில் ஓரளவு பழகிவிட்டேன். கேள்வி கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அழுத்துவேன். மூன்று விரல் முடியும்வரை பேசக் கூடாது. பிள்ளைகளிடமும் ஒளிக்கவில்லை. “இனிமேல் உடனே கை தூக்க வேண்டாம், எல்லோரும் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கொடுப்போம்” என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது இடைவெளிதான் பாடாய்ப் படுத்தியது. பதில் வந்த அடுத்த கணமே “வெரி குட்” என்று வாயில் வந்துவிடும். பாராட்டுதானே, அதில் என்ன தப்பு என்று நினைத்திருந்தேன். நான் “வெரி குட்” சொன்னதும் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது, யோசித்துக்கொண்டிருந்த மற்றவர்கள் பேனாவை எடுத்துவிடுகிறார்கள். இதைக் கவனிக்கவே எனக்கு ஒரு பருவம் ஆனது.

இரண்டாவது நோக்கலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜன்னலோர வரிசையில் கொரிய மொழி பேசும் ஒரு மாணவி. பள்ளிக்கு வந்து ஒன்றரை ஆண்டு. தோழிகளோடு ஆங்கிலத்தில் சிரித்துப் பேசுவாள். அதனால் அவளுக்கு மொழிப் பிரச்சினை இல்லை, கூச்சம்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். தப்பு. பேச்சு மொழியும் பாட மொழியும் வேறு வேறு என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே பிரித்துக் காட்டியிருக்கிறார். அன்றாடப் பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடத்துக்கான மொழியில் வகுப்புத் தோழர்களுக்கு ஈடாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை பிடிக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, முதலில் கொரிய மொழியிலேயே நோட்டில் எழுதி யோசிக்கச் சொன்னேன்.

அன்று மேசையில் ஓர் இரும்பு ஸ்கேலும் ஒரு மர ஸ்கேலும். இரண்டிலும் வெப்பமானி 24 டிகிரி காட்டியது. “இரண்டும் ஒரே வெப்பநிலைதான். தொட்டால் இரும்பு மட்டும் ஏன் சில்லென்று இருக்கிறது?” என்றேன். விரலை அழுத்தினேன். மூன்று முடிந்தது. முன் வரிசைக் கை ஒன்று மேலே வந்தது, நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் இரும்பு ஸ்கேலை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். அப்புறம் மெதுவாக, “இது எடுக்கிறது” என்றாள்.

‘ஆமாம், வெப்பத்தை!’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மறுபடி விரலை அழுத்தினேன்.

“என் கையிலிருந்து வேகமாக எடுக்கிறது. மரம் மெதுவாக எடுக்கிறது. ஸ்கேல் குளிராக இல்லை. என் கைதான் குளிர்ந்து போகிறது.”

யாரும் கேட்காமலேயே பின்னால் இருந்து இன்னொரு பையன், “அப்படியானால் அறை நம் கையைவிடச் சூடாக இருந்தால், இரும்புதான் அதிகமாகச் சுடுமா?” என்றான். அன்றைக்கு நான் திட்டமிட்டிருந்த அடுத்த மூன்று ஸ்லைடுகளும் தேவைப்படவில்லை. கணித ஆசிரியை கொடுத்த தாளில் அந்த மாணவியின் கட்டத்துக்குள் ஒரு கோடும், 7, 4 என்று இரண்டு எண்களும் இருந்தன. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மதிப்பெண் ஒப்பிடும் கூட்டம் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என் கணிப்பில் பயிலரங்கைவிட அங்கேதான் அதிகம் கற்றேன். ஒரே ஆய்வக அறிக்கையைத் துறை ஆசிரியர்கள் நான்கு பேரும் தனித்தனியாகத் திருத்திக்கொண்டு வருவோம். எம்.ஒய்.பி.யில் நான்கு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 8. முதல் கூட்டத்தில் ஒரே அறிக்கைக்கு, ஓர் அளவுகோலில் மற்றவர்கள் 5, 6, 6 கொடுத்திருந்தார்கள், நான் 3. காரணம் சொல்லச் சொன்னார்கள். “முடிவு ஏன் அப்படி வந்தது என்று விளக்கவில்லை” என்றேன். துறைத் தலைவர் வழிகாட்டியைத் திறந்து காட்டினார். முடிவுகளைப் பற்றி எம்.ஒய்.பி. முதலாம் ஆண்டு மாணவர் சுருக்கமாகச் சொன்னால் போதும், மூன்றாம் ஆண்டில் விவரிக்க வேண்டும், ஐந்தாம் ஆண்டில்தான் காரணத்தோடு விளக்க வேண்டும். நான் திருத்தியது மூன்றாம் ஆண்டு மாணவரின் அறிக்கை. ஒரு வினைச்சொல்லைக் கவனிக்காமல் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்குமே குறைத்துப் போட்டிருக்கிறேன். அன்று மாலையே எல்லா அறிக்கைகளையும் திரும்ப எடுத்துத் திருத்தினேன், பிள்ளைகளிடம் காரணத்தையும் சொன்னேன்.

சராசரி போடும் பழக்கமும் அங்கேதான் விட்டது. ஒரு பிள்ளை ஆண்டு முழுதும் 2, 3, 6, 6 என்று வாங்கினால் என் கை தானாகக் கூட்டி நான்கால் வகுக்கும். அவள் இப்போது எங்கே நிற்கிறாள் என்பதுதான் கேள்வி. தொடக்கத்தில் தடுமாறியதற்கு ஆண்டு முடிவில் ஏன் தண்டனை?

எல்லாமே பயன்பட்டது என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு நாள் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து, மழலையர் வகுப்பு ஆசிரியர் முதல் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர் வரை அரங்கில் உட்கார வைத்து ஒரே உரையைக் கேட்க வைத்தார்கள். ஆசிரியரின் ஒரு முழு நாள் எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்கள் அதை இப்படிச் செலவழிக்கக் கூடாது. ஒருங்கிணைப்பாளருக்குக் கடிதம் எழுதினேன், அடுத்த முறை பாதி நாளைத் துறைகளுக்கே விட்டுவிடுங்கள் என்று. அடுத்த பருவத்தில் அப்படியே செய்தார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதால் சொல்கிறேன்.

போர்ட்ஃபோலியோவுக்கு ஒன்றே ஒன்று. நோக்கல் நடந்த அன்றே பத்து வரி எழுதிவையுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் எல்லாம் மழுங்கிவிடுகிறது, “பயனுள்ளதாக இருந்தது” என்ற வரிதான் வரும். பயிலரங்குச் சான்றிதழ்களை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள். பள்ளியை விட்டுப் போனதும் பள்ளி மின்னஞ்சல் போய்விடும், அந்தச் சான்றிதழ்களோ அடுத்த பள்ளியிலும் கேட்கப்படும். பயிற்சிச் செலவைப் பள்ளி ஏற்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். என் ஒப்பந்தத்தில் இருந்தது. கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

இது எனக்கு இரண்டாவது ஆண்டு. முதல் நோக்கல் போன வாரம் முடிந்தது. 58 கேள்வி 23 ஆகியிருக்கிறது. பதிலுக்குப் பின் வரும் இடைவெளி இன்னும் பாதி நேரம் 1-தான். ஜன்னலோர வரிசையில் இரண்டு கட்டங்கள் வெறுமை. அடுத்த முறை அந்த இரண்டு கட்டங்களை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.