அர்ஜுன் டேங்க்: ஒரு வெல்டர் பார்த்த பக்கம்

1974 மே மாதம் மத்திய அரசு 15.50 கோடி ரூபாய் ஒதுக்கி, நமக்கென்று சொந்தமாக ஒரு டேங்க் வடிவமைக்க அனுமதி கொடுத்தது. அப்படி உருவான அர்ஜுனில் முதல் 5 வண்டிகள் ராணுவத்தின் கைக்குப் போனது 2004 ஆகஸ்டில். நடுவில் 30 வருஷம். இந்த இரண்டு தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டு பலரும் "தோல்வி" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். என் தங்கை மகன்கூட எங்கேயோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து, "மாமா, நீங்க செஞ்ச டேங்க் வேஸ்ட்டாமே" என்றான். அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் வெல்டர். நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு ஆவடிக்குப் போனவன். எச்.வி.எஃப். என்று நாங்கள் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது திங்கள்நகர் பக்கம் சொந்த வீட்டோடு ஒட்டி ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். நான் கிளம்பிய காலத்தில் இங்கிருந்து மெட்ராஸுக்கு ரயில் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்ததே 1979ல்தான். திருநெல்வேலிப் பாதை திறந்தது 1981ல். அதுவரைக்கும் பஸ்ஸில் திருநெல்வேலி போய் அங்கே ரயில் பிடிக்க வேண்டும். ஆவடியில் எல்லா மாவட்டத்து ஆட்களும் இருந்தார்கள். கேன்டீன் வரிசையில் யாராவது வாயைத் திறந்தால் போதும், "எந்த ஊரு மக்கா, தக்கலையா குளச்சலா?" என்று கேட்டுவிடுவோம்.

வெளியே சொல்லக்கூடாத எதையும் நான் எழுதப் போவதில்லை. பத்திரிகையிலும் நாடாளுமன்றத்திலும் வந்த விஷயங்களும், எந்த வெல்டருக்கும் தெரிந்த தொழில் விஷயமும்தான் இதில் இருக்கும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆவடியில் டேங்க் செய்யத் தொடங்கியது அர்ஜுனில் இல்லை. 1965லேயே அங்கிருந்து விஜயந்தா என்ற டேங்க் வெளியே வந்தது. 1971 போரில் அது களத்தில் நின்றது. ஆனால் அதன் வடிவம் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியுடையது. வரைபடம் அங்கிருந்து வந்தது, நாம் செய்தோம். என் பக்கத்து வீட்டு அண்ணன் ராணுவத்தில் விஜயந்தா ஓட்டியவர். அதன் லேலண்ட் எல்60 இன்ஜினைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் அரை மணி நேரம் திட்டுவார். அந்த இன்ஜின் இங்கிலாந்துக்காரர்களின் சீஃப்டன் டேங்கிலும் பாடாய்ப்படுத்தியது ஊரறிந்த கதை. சொந்த வரைபடம் இல்லாவிட்டால் அடுத்தவன் செய்த பிழையையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் வரைபடத்திலிருந்தே நம்முடையதாக ஒரு வண்டி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்காகவே ஆவடியில் சி.வி.ஆர்.டி.இ. என்ற ஆராய்ச்சி நிலையம் வளர்ந்தது.

இனி நான் நின்ற இடத்துக்கு வருகிறேன்.

டேங்கின் கீழ் உடலை ஹல் என்போம், மேலே சுழலும் தலையை டரட் என்போம். ரஷ்ய டி-72ன் டரட் வார்ப்பு. அர்ஜுனின் டரட் அப்படி இல்லை, கனமான தகடுகளை வெட்டி, சாய்த்து, வெல்டிங் செய்து எழுப்புவது. தகடு சாதாரண இரும்பு கிடையாது. சூடேற்றி, சடாரென்று குளிரவைத்து, மறுபடி பதமாகச் சூடேற்றிக் கடினமாக்கிய கவச எஃகு. இந்த மாதிரி ராணுவத் தகடுகளை ரூர்கேலா உருக்காலையில் இதற்கென்றே இருக்கும் பிரிவில் உருட்டுகிறார்கள். முன்பக்கத்தில் இந்தத் தகடுகளுக்கு நடுவே காஞ்சன் என்ற கூட்டுக் கவசம் வரும். அது ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் இருக்கும் டி.எம்.ஆர்.எல். என்ற பாதுகாப்பு உலோக ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கியது.

கவச எஃகை வெல்டிங் செய்கிறவனுக்கு முதல் எதிரி ஈரம். வெல்டிங் ராடு மேல் இருக்கும் பூச்சு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால், ஆர்க் சூட்டில் அந்த ஈரம் ஹைட்ரஜனாகப் பிரிந்து எஃகுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெல்டிங் முடிந்ததும் பார்த்தால் ரன், அதாவது வெல்டிங் போட்ட கோடு, அழகாக இருக்கும். மேலே படிந்த ஸ்லாக் கசடைத் தட்டிவிட்டால் பளிச்சென்று சிரிக்கும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து, யாரும் தொடாமலேயே வெல்டிங்குக்குப் பக்கத்துத் தகட்டில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். அதனால்தான் வெல்டிங் முடிந்த கையோடு சோதிக்காமல் காத்திருந்து சோதிப்பார்கள். ராடை ஓவனில் காயவைத்து, சூடு ஆறாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்து வர வேண்டும். தகட்டையும் முன்கூட்டியே சூடாக்க வேண்டும், அதுவும் அளவோடு. சூடு கூடிப்போனால் பாடுபட்டு ஏற்றிய கடினம் அந்த இடத்தில் இறங்கிவிடும். அப்புறம் அது கவசம் இல்லை, வெறும் தகடு. சூடு பார்க்க சாக்குக்கட்டி மாதிரி ஒன்று உண்டு. தகட்டில் கோடு போட்டால், குறித்த சூடு வந்ததும் அந்தக் கோடு உருகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்த பிறகுதான் ஹோல்டரை எடுப்போம்.

இங்கே என் பட்டறையில் இதையெல்லாம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு மழையும் பெய்யும், மண்டைக்காட்டுப் பக்கம் இருந்து உப்புக் காற்றும் அடிக்கும். பிரித்த ராடு பாக்கெட்டை அப்படியே மேசையில் போட்டுவிட்டுப் போகிற பையனை நான் சும்மா விடமாட்டேன். கேட்டும் கிரில்லும்தானே என்று அவர்கள் நினைக்கலாம். கை பழகுவது ஒரே பழக்கத்துக்குத்தான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அர்ஜுன் என்பது ஒரு வரைபடமோ ஓர் உத்தரவோ மட்டும் இல்லை. தகடு உருட்டத் தெரிந்தவர்கள், வெட்டத் தெரிந்தவர்கள், வெல்டிங் செய்யத் தெரிந்தவர்கள், 120 மி.மீ. பீரங்கிக் குழாயின் உள்ளே மரை போடத் தெரிந்தவர்கள், ஒவ்வொரு பக்கமும் 7 சக்கரங்களைத் தாங்கும் ஹைட்ரோகேஸ் சஸ்பென்ஷனை, அதாவது குலுக்கலைத் தாங்கும் அமைப்பை, நைட்ரஜனும் எண்ணெயும் கசியாமல் அடைக்கத் தெரிந்தவர்கள், இத்தனை பேரும் நாட்டில் ஒரே காலத்தில் இருக்க வேண்டும். அவர்கள் முன்பே இருந்து டேங்க் செய்யவில்லை. டேங்க் செய்து செய்துதான் அப்படி ஆனார்கள். அந்த 30 வருஷத்தில் பெரும்பகுதி இப்படிக் கழிந்த காலம்.

மீதிக்கு இன்ஜின் முக்கியக் காரணம். 1,500 குதிரைத்திறன் இன்ஜினை இங்கேயே செய்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். முடியவில்லை. முன்னோட்ட வண்டிகளுக்கு ஜெர்மனியின் எம்.டி.யு. இன்ஜினை வைத்தார்கள், கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது: 10 சிலிண்டர், 1,400 குதிரைத்திறன். கியர்பாக்ஸும் ஜெர்மனியின் ரெங்க் நிறுவனத்துடையது. முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் நிற்கும் விசைப்படகுகளின் இன்ஜினைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும்: அதைவிடப் பல மடங்கு சக்தியை, குனிந்துகூட நிற்க முடியாத ஒரு பெட்டிக்குள் அடக்கி, கடல் காற்று இல்லாமல், ராஜஸ்தான் மணலும் வெயிலும் நடுவே ஓடவைக்க வேண்டும். பிஸ்டனுக்கான உலோகம், டர்போ, எரிபொருள் பம்ப் என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தொழில். எழுபதுகளில் அந்தத் தொழில்கள் நம்மிடம் இல்லை. அவற்றுக்கு ஆள் தயார் செய்யாமல் இன்ஜினை மட்டும் எதிர்பார்த்தது சரியில்லை என்பது என் எண்ணம்.

ராணுவத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சுமார் 40 டன்னில், 105 மி.மீ. பீரங்கியோடு நினைத்த வண்டி, தேவைகள் மாற மாற 120 மி.மீ. பீரங்கியோடு 58.5 டன்னாக வளர்ந்தது. பஞ்சாப் பக்கம் கால்வாயும் பாலமும் நிறைய. இவ்வளவு எடையை எல்லாப் பாலமும் தாங்காது. அகலம் காரணமாக ரயிலில் ஏற்றத் தனி வேகன் தேவைப்பட்டது. ஆரம்ப வண்டிகளில் குறி பார்க்கும் மின்னணுக் கருவிகள் பாலைவனச் சூட்டில் தகராறு செய்தன. உள்ளே உயிரைப் பணயம் வைத்து உட்காருகிறவன் குறை சொல்லத்தான் செய்வான், சொல்லவும் வேண்டும். எங்களுக்கு அது கோபமாக வந்ததில்லை, அடுத்த வேலையாக வந்தது.

சரி, குறைகளைச் சரிசெய்தார்கள். 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் 14 அர்ஜுனையும் ரஷ்ய வடிவமான 14 டி-90ஐயும் ஒரே களத்தில் இறக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ராணுவம் மேலும் அர்ஜுன் வாங்கச் சம்மதித்தது அதற்குப் பிறகுதான். ஓடிக்கொண்டே சுடுவதில் அந்த சஸ்பென்ஷனும் பீரங்கியும் காட்டிய நிதானத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அந்தச் செய்தியை நாங்கள் கடைகடையாகப் போய் வாங்கிப் படித்தோம்.

எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், இதற்குப் பிறகு நடந்ததில்.

கணக்கைப் பாருங்கள். 2000ல் 124 வண்டிக்கு உத்தரவு. 2004ல் முதல் 5. ஒரு ரெஜிமென்ட்டுக்கு வேண்டிய 45 வண்டி சேர்வதற்கு 2009 மே ஆகிவிட்டது. 2010ல் இன்னும் 124 என்றார்கள். பிறகு அதே மாதிரி வேண்டாம், மேம்படுத்திய வண்டி வேண்டும் என்றார்கள். அதுவும் சரிதான். 72 புதிய அம்சங்களோடு எம்.கே.1ஏ தயாரானது, எடை 68 டன் ஆனது. 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் அதை ராணுவத்திடம் கொடுத்தார். 118 வண்டிக்கு 7,523 கோடி ரூபாயில் உத்தரவு கையெழுத்தானது 2021 செப்டம்பர் 23. அதாவது முதல் 124க்கும் அடுத்த 118க்கும் நடுவே, உற்பத்தி வரிசையில் இத்தனை வருஷ இடைவெளி.

வெல்டிங் தொழிலில் உலகம் முழுக்க ஒரு பொது விதி உண்டு. ஒருவன் சோதனைத் தகட்டில் வெல்டிங் செய்து, அதை வளைத்துப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தகுதிச் சான்று வாங்குகிறான். அப்புறம் 6 மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் இருந்தால் சான்று காலாவதி. மறுபடியும் சோதனை. 6 மாதத்தில் கை இறங்கிவிடும் என்று தொழிலே ஒப்புக்கொள்கிறது. பத்து வருஷம் உத்தரவு இல்லாமல் ஒரு வரிசையை நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்? தொழிற்சாலைக்கு வேறு டேங்க் வேலை இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. டி-72 இருந்தது. 2001ல் 310 டி-90 வாங்க ஒப்பந்தமாகி, அதில் 186 ஆவடியில் கோத்தவை. நல்ல வேலைதான். ஆனால் அது மற்றவர் வரைபடம். அர்ஜுன் தகட்டின் சாய்வும், எந்த மூலையில் சூடு தேங்கும், எந்தப் பக்கம் முதலில் ரன் போட்டால் தகடு இழுக்காமல் இருக்கும் என்பதும் எந்தக் காகிதத்திலும் முழுசாக இல்லை. என் வயதுக்காரர்கள் ஓய்வு பெற்றபோது அது எங்களோடு வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்க வண்டி இருக்க வேண்டும், பையனும் இருக்க வேண்டும். சிறிய உதிரிபாகங்கள் செய்து கொடுத்த சின்னச் சின்னப் பட்டறைகளுக்கும் இதே நிலைமை. வருஷக்கணக்கில் ஆர்டர் வராத ஒரு பாகத்துக்காக எந்த முதலாளி மெஷினைப் பூட்டி வைத்துக் காத்திருப்பான்?

அதனால் "30 வருஷம் ஆச்சே" என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. முதல் டேங்க்குக்கு அது ஆகத்தான் செய்யும். கற்றதைக் கைவிட்ட அந்த இடைவெளியைப் பற்றித்தான் கேட்க வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை.

இப்போது ஒரு நல்ல செய்தி. 2024 மார்ச் 20 அன்று மைசூரில் பி.இ.எம்.எல். என்ற அரசு நிறுவனத்தின் வளாகத்தில், நம் நாட்டிலேயே வடிவமைத்த 1,500 குதிரைத்திறன் டேங்க் இன்ஜினை முதல் தடவையாக ஓட்டிப் பார்த்தார்கள். 1974ல் ஆசைப்பட்ட அதே சக்தி. பக்கத்து வீட்டு அண்ணன் அதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். சோதனை மேடையில் ஓடுவது வேறு, வண்டிக்குள் ஏறி மணலில் ஓடுவது வேறு என்பது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இன்னும் பல கட்டங்கள் இருக்கின்றன. ஆனாலும் அந்த இன்ஜினுக்காக பிஸ்டனும் பம்பும் செய்யப் பழகிய ஒரு கூட்டம் இப்போது நாட்டில் இருக்கிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு ரெஜிமென்ட் அளவு, 45 வண்டி, தொடர்ந்து பத்து வருஷத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஒரே மாதிரி வண்டியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ராணுவம் கேட்கும் மாற்றத்தை வருஷா வருஷம் சேர்த்துக்கொண்டே போகலாம். வரிசை மட்டும் நிற்கக் கூடாது. இதைச் சொன்னதும் தங்கை மகன், "ஐ.டி.ஐ. முடிச்சா அங்க அப்ரண்டிஸா எடுப்பாங்களா மாமா?" என்று கேட்டான். எடுப்பார்கள், அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும் என்றேன். அதுவரைக்கும் சனிக்கிழமை பட்டறைக்கு வா, ராடை எப்படிக் காயவைப்பது என்பதிலிருந்து தொடங்கலாம் என்றேன்.