தரம்1-இல் ஒரு நீல 1

கொழும்பு வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பைதான் என்ற நிரல்மொழி சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் பழைய கணினிகள். அதனால் நிரல் எழுதச் சிறிய திறந்தமூல எடிட்டர் ஒன்றைப் போட்டிருக்கிறோம், அதுவும் பைதானில் எழுதியதுதான். 2008-இல் பைதான் 3 வந்ததிலிருந்து மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளை வைக்கும் பெயர்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். தமிழ் மொழிமூலத்தில் படிக்கிற பிள்ளைகள் அதை விடுவார்களா?

"சேர், தரம்1 எண்டு எழுதினா அந்த 1 மட்டும் நீலமா வருது. தர1 எண்டா சரியா இருக்கு" என்றாள் ஒரு பிள்ளை. எடிட்டர் நிரலின் ஒவ்வொரு வகைப் பகுதிக்கும் ஒரு நிறம் இடும், நீலம் எண்களுக்கு உரிய நிறம். நிரல் ஒழுங்காக ஓடியது, நிறம்தான் பிழை. நான் எழுத்துருவைச் சந்தேகித்து அரை மணி நேரம் வீணாக்கினேன். விடையை அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு ம், அதன் தலையில் ஒரு புள்ளி. நிலை1 என்று போட்டுப் பார்த்தேன், அதிலும் நீலம்.

வீட்டுக்கு வந்து நிறமிடும் கோப்பைத் திறந்தேன். சொல் எல்லையில் தொடங்கும் இலக்கங்களை எண் என்று பிடிக்கும்படி ரெஜெக்ஸ் (உரையில் தேடுவதற்கான வடிவச் சூத்திரம்) எழுதியிருந்தார்கள். பைதானின் ரெஜெக்ஸுக்கு எழுத்து, இலக்கம், அடிக்கோடு இவ்வளவும்தான் சொல்லின் உறுப்பு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ம ஓர் எழுத்து. புள்ளியும் ஐகாரக் குறியும் எழுத்து அல்ல, 'குறி' என்ற வேறு இனம். ஆகவே புள்ளிக்குப் பின்னால் வரும் 1 அதன் கண்ணுக்குத் தனி எண். வணக்கம் என்ற பெயரில் ஒரு செயற்கூறு (function) எழுதினால் 'வணக' வரைக்கும்தான் நிறம் விழுந்தது. இத்தனைக்கும், பெயர் வைக்கும்போது இதே குறிகளைப் பைதான் மறுப்பேதும் இல்லாமல் ஏற்கிறது!

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் ரெஜெக்ஸில் சேர்த்து, திருத்தத்தை அனுப்பினேன். எடிட்டரைப் பராமரிப்பவர் திருப்பிவிட்டார்: "இந்திக்கும் இதே பிழைதானே?" கொஞ்சம் கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டது நியாயம். பக்கத்து மேசை நண்பனின் சிங்களமே எனக்கு நினைவு வரவில்லையே!

அடுத்த முயற்சியில், யூனிகோடின் 11 லட்சத்துச் சொச்சம் இடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, பெயரின் நடுவே வரலாமா என்று பைதானிடமே கேட்டேன். எடிட்டர் திறக்கும்போதெல்லாம் இதைச் செய்தால் எங்கள் கணினிகள் தாங்காது. ஒருமுறை ஓட்டி, பெயரில் வரலாம் என்று கிடைத்த இடங்களின் வீச்சுகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தேன். எண் ரெஜெக்ஸில் சொல் எல்லையை எடுத்துவிட்டு, 'முன்னால் பெயரெழுத்து எதுவும் இருக்கக்கூடாது' என்று மாற்றினேன். தரம்1, நிலை1, வணக்கம் மூன்றும் சோதனைகளாகச் சேர்ந்தன.

நண்பன் சிங்களத்தில் 'ஸ்ரீ' என்று ஒரு மாறி வைத்தான். மறுபடியும் நிறம் உடைந்தது. ஓட்டிப் பார்த்தால் பைதானே பிழை சொல்கிறது. சிங்கள ஸ்ரீயின் கூட்டெழுத்தை ஒட்டவைக்க நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்பி ஒன்று வரும், பைதான் அதைப் பெயரில் அனுமதிப்பதில்லை. அதற்கு நிறம் உடைவதுதான் சரி, விட்டுவிட்டேன்.

திருத்தம் ஏற்கப்பட்டுவிட்டது. புதிய பதிப்பு இன்னும் வரவில்லை. அதுவரை சனிக்கிழமைகளில் திருத்திய கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஒவ்வொரு கணினியிலும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.