வீட்டுப் போட்டோ பிரிண்டில் நிறம் ஏன் பிசகுகிறது

திரையில் நன்றாகத் தெரியும் முகம் தாளில் சிவந்தோ பச்சை படிந்தோ வந்தால், பெரும்பாலோர் முதலில் கை வைப்பது படத்தில்தான். சிவப்பைக் கொஞ்சம் குறைத்து, வெளிச்சத்தைக் கூட்டி, இன்னொரு தாளைப் போட்டுப் பார்ப்பார்கள். அது சரியாக வந்துவிட்டால்தான் தொல்லை அதிகம். அடுத்த படத்துக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது. அதே கோப்பை லேபுக்கு அனுப்பினால் அங்கே நிறம் கெட்டு வரும். கோளாறு வேறெங்கோ இருக்க, நல்ல படம் பாழாகிறது.

எங்கே கோளாறு என்று பிரித்துக் காட்ட ஒரு சோதனைப் படம் போதும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் படிகள், பலவிதத் தோல் நிறங்கள், அடர் நிறக் கட்டங்கள் கொண்ட படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் எதையும் தொடாமல், அதனுள் இருக்கும் புரொஃபைலையும் (நிறங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்ற குறிப்பு) மாற்றாமல் பிரிண்ட் எடுங்கள். அது சரியாக வந்து உங்கள் படம் மட்டும் பிசகினால் குறை கோப்பிலோ மானிட்டரிலோ இருக்கிறது. இரண்டுமே பிசகினால் பிரிண்டர், தாள், டிரைவர் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) அமைப்பு என்ற பக்கம் தேட வேண்டும்.

அந்தப் பக்கத்தில் முதல் வேலை நாசில் செக், அதாவது இங்க் பீய்ச்சும் நுண்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று கோடுகள் அச்சிட்டுப் பார்ப்பது. எப்சன் எல்805, எல்8050 போன்ற ஆறு இங்க் பிரிண்டர்களில் லைட் சயான், லைட் மெஜந்தா என்று இரண்டு மெல்லிய நிறங்கள் உண்டு. தோல் நிறமும் நடுத்தரச் சாம்பலும் பெருமளவு இவற்றை நம்பியே உருவாகின்றன. லைட் மெஜந்தா அடைத்தால் முகம் பச்சையடிக்கும். லைட் சயான் அடைத்தால் சிவக்கும். அடர் நிறங்கள் சரியாகவே இருப்பதால் அடைப்பு என்று சந்தேகமே வராது. மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இருட்டறையில் கைபேசித் திரையை முழு நீலமாக்கி அந்த வெளிச்சத்தில் தாளைப் பாருங்கள்: மஞ்சள் இங்க் நீல ஒளியை விழுங்குவதால் கோடுகள் கறுப்பாக எழுந்து நிற்கும், விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரியும். ஹெட் கிளீனிங்கை இரண்டு மூன்று தடவைக்கு மேல் அடுத்தடுத்து ஓட்ட வேண்டாம். ஒவ்வொரு முறையும் இங்க் கழிவுப் பஞ்சுக்குத்தான் போகிறது. ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் மறுபடி பார்ப்பது நல்லது.

நாசில் சரியாக இருந்தும் முகங்கள் எல்லாம் மெஜந்தா பக்கம் சாய்ந்து, நிறங்கள் அளவுக்கு மீறி ஏறியிருந்தால், நிற மாற்றம் இரண்டு முறை நடந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். ஃபோட்டோஷாப் தாளின் ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் பிரிண்டர் நிறங்களை எப்படித் தரும் என்று சொல்லும் கோப்பு) வைத்து நிறங்களை அந்த பிரிண்டருக்கு ஏற்ப மாற்றி அனுப்புகிறது. டிரைவருக்கு அது தெரியாது. வந்ததைச் சாதாரணப் படமாக எண்ணித் தன் பங்குக்கு மறுபடி மாற்றுகிறது. ஒருவர் உப்புப் போட்ட குழம்பில் இன்னொருவரும் போட்ட கதை. பிரிண்ட் பெட்டியில் ‘ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’ என்று தேர்ந்தால், விண்டோஸில் எப்சன் டிரைவரின் கலர் கரெக்‌ஷனை ‘கஸ்டம்’ ஆக்கி, அதன் அட்வான்ஸ்டு பகுதியில் ‘நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்’ என்பதைத் தேர வேண்டும். அந்தத் தாளுக்குப் புரொஃபைல் இல்லையென்றால் நேர்மாறாக, நிறத்தை முழுக்க டிரைவரிடமே விடுங்கள். யாராவது ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சரியாக வந்த அமைப்பைப் பெயரிட்டு டிரைவரில் சேமித்து வைத்தால் அடுத்த தடவை தேட வேண்டியதில்லை.

தாள் வகையைச் சும்மா ஒரு பெயராக நினைப்பவர்கள் உண்டு. எவ்வளவு இங்க் கொட்ட வேண்டும் என்பதை டிரைவர் அதை வைத்தே முடிவு செய்கிறது. கிளாஸி தாளை வைத்துவிட்டு ‘ப்ளெய்ன் பேப்பர்’ என்றே விட்டால் கறுப்பு சாம்பலாகும், நிறம் வெளிறும். எந்தப் பக்கம் பூச்சு என்று சந்தேகமா? விரல் நுனியை லேசாக ஈரப்படுத்தித் தாளின் ஓரத்தில் தொட்டால், பூச்சுள்ள பக்கம் ஒட்டும்.

நிறம் சரி, ஆனால் பிரிண்ட் இருட்டாக இருக்கிறது என்பதுதான் எங்கும் கேட்கும் புகார். இதில் பிரிண்டருக்குப் பங்கு அநேகமாக இல்லை. மானிட்டர் கடையிலிருந்து வந்த வெளிச்சத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். போட்டோ வேலைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும். பல மானிட்டர்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே எரிகின்றன. அந்த வெளிச்சத்தில் திருத்தினால் படம் இயல்பாகவே இருட்டாகத்தான் அமையும். திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் வாங்கி, வெள்ளையின் சாயலை 6500 கெல்வின், நடுத்தர வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமாவை 2.2 என்று அமைப்பதே முறை, அதற்குச் செலவிடுவது வீண்போகாது. அதுவரை, திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அருகில் அறை வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை பிரைட்னெஸைக் குறையுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைக்க மறக்க வேண்டாம்.

உங்கள் படம் மட்டும் வெளிறி, சோர்ந்து வந்தால் கோப்பின் நிறவெளியை, அதாவது அதன் எண்கள் எந்த நிற எல்லைக்குள் எழுதப்பட்டவை என்பதைப் பாருங்கள். அடோபி ஆர்ஜிபி கோப்பைப் புரொஃபைல் இல்லாமல் சேமித்தால் அடுத்த மென்பொருள் அதைவிடக் குறுகிய எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும், நிறம் சோர்ந்துவிடும்.

எடுத்த பிரிண்டைப் பற்றி உடனே தீர்ப்பளிக்காதீர்கள். டை இங்க் (சாயம் கரைந்த இங்க்) காயக் காய நிறம் சற்று நகரும். ஒரு நாள் விட்டுப் பார்த்தால் நல்லது. நம் வீடுகளில் பரவலாக இருக்கும் கூல் டேலைட் எல்இடி ட்யூபின் கீழும், மஞ்சள் பல்பின் கீழும் அதே படம் வேறு மாதிரி தெரியும். மாட்டப்போகும் இடத்து வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விலை குறைந்த வேறு நிறுவன இங்க்கை டேங்கில் ஊற்றினால், பிரிண்டர் நிறுவனம் தந்த புரொஃபைல் பொருந்தாது. புரொஃபைல் என்பது பிரிண்டர், இங்க், தாள் மூன்றும் சேர்ந்த ஒரு சேர்க்கைக்கானது. புதுப் புரொஃபைல் செய்ய, பல நிறக் கட்டங்கள் கொண்ட சார்ட்டை எந்த நிற மாற்றமும் இல்லாமல் அச்சிட வேண்டும். ஃபோட்டோஷாப்பில் சிஎஸ்5 முதல் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டதால், அடோபி கலர் பிரிண்டர் யுடிலிட்டி போன்ற தனி மென்பொருளில் அச்சிட்டு, நன்கு காய்ந்தபின் அச்சான நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளக்க வேண்டும். அதிலும் அவசரம் கூடாது. டேங்கில் புது இங்க் ஊற்றினாலும் குழாயில் பழைய இங்க்தான் இருக்கும். அது முழுக்கத் தீர்ந்து, சோதனைப் படம் அடுத்தடுத்த தாள்களில் மாறாமல் வந்த பிறகே சார்ட்டை அச்சிடுங்கள்.